நாள்காட்டியில் ஒரு கம்பம்

மளிகைக் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்து வந்த நாள்காட்டிகளில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் முருகனோ லட்சுமியோ இருப்பார்கள். அது நேரே பூசை மாடத்துக்குப் பக்கத்தில் போய்விடும். மற்றொன்றில் சாமி படம் இருக்காது. நாலைந்து தென்னை மரம், அவற்றின் கீழே கால் ஊன்றி நிற்கும் ஓர் அத்தாப்பு வீடு, வாசலில் மரப்படி, பக்கத்தில் ஓர் ஓடை, ஓடையில் கட்டிப் போட்ட படகு, தூரத்தில் நீல மலை. இந்த நாள்காட்டி வாசல் அறையில் தொங்கும். ஆண்டு முடிந்து தேதித் தாளெல்லாம் கிழிந்து போன பிறகும், படத்தை மட்டும் கத்தரித்துச் சுவரில் ஒட்டி வைத்துக்கொண்ட குடும்பங்கள் தோட்டங்களில் எத்தனையோ!

வந்தவர்கள் அதைப் பார்த்து, "எவ்வளவு அமைதியான இடம்!" என்பார்கள். வீட்டுக்காரர்களும் ஆமாம் என்று தலையாட்டுவார்கள். ஆனால் ஒரு வேடிக்கையை எண்ணிப் பாருங்கள். அந்தக் குடும்பத்தில் ஒருவர்கூட அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர் இல்லை. பாட்டி கப்பலில் வந்தவர். அவருடைய ஊரில் வயல் இருந்தது, பனை இருந்தது, அத்தாப்பு இருந்ததில்லை. மகனும் மருமகளும் லயத்தில் பிறந்து லயத்தில் வளர்ந்தவர்கள். பேரப் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் பால்மரக் காடு. பிறகு எதற்காக அந்தக் கம்பத்துப் படம் நம் சுவரில் இடம் பிடித்தது? அதிலே உள்ள தென்னையும் படியும் படகும் நமக்கு என்ன சொல்கின்றன?

பெட்டிக்குள் அடங்கிய கலை

நாள்காட்டியில் அச்சாகி வந்த படங்கள் பலவும் நீர்வண்ண ஓவியங்கள். இல்லாவிட்டால் அந்தப் பாணியைப் பார்த்து வரைந்தவை. வண்ணப் பொடியைப் பிசினோடு குழைத்துக் கட்டியாக்கி வைத்திருப்பார்கள். தண்ணீர் தொட்டுத் தாளில் பூச வேண்டியதுதான். எண்ணெய் வண்ணம் போல நாள் கணக்கில் காயக் காத்திருக்க வேண்டாம். ஒரு சிறிய பெட்டி, இரண்டு மூன்று தூரிகை, ஒரு குவளைத் தண்ணீர், கொஞ்சம் கெட்டியான தாள். பயணம் போகிறவனுக்கு இதைவிட வசதியான கலை ஏது? வெள்ளைக்கார அதிகாரிகளும் படைப் பொறியாளர்களும் கிழக்கு நாடுகளுக்கு வந்தபோது அந்தப் பெட்டியும் அவர்கள் கூடவே வந்தது.

அவர்கள் வரைந்தது பெரும்பாலும் மேட்டிலிருந்து பார்க்கிற காட்சி. ராபர்ட் ஸ்மித் என்ற படைப் பொறியாளர் தீட்டிய பினாங்குக் காட்சிகள் 1821-இல் அச்சாகி வெளிவந்தன. குன்றும் கடலும் கப்பலும் அவற்றில் உண்டு. ஆட்சி செய்ய வந்தவர் உயரத்தில் நின்று பார்ப்பது இயல்புதானே!

மேட்டிலிருந்து இறங்கி வந்து, வீட்டு வாசலுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்து வரைந்தவர்கள் நூறு ஆண்டு கழித்துத்தான் வந்தார்கள். அவர்களில் இருவரை நாம் தெரிந்துகொள்ள வேண்டும். இருவருக்கும் ஊர் பினாங்குதான்.

ஒருவர் அப்துல்லா ஆரிப். 1904-இல் பினாங்கில் பிறந்தவர். ஓவியத்தைத் தாமாகவே கற்றுக்கொண்டவர். பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். 1920-களில் அந்தத் தீவில் 'பினாங்கு இம்ப்ரெஷனிஸ்ட்ஸ்' என்றொரு ஓவியக் குழு இருந்தது. அதில் பெரும்பாலோர் வெள்ளைக்காரர்கள், அதிலும் துரைமார்களின் மனைவிமார்கள். அந்தக் குழுவில் இடம் பெற்ற ஆசியர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் இவர் ஒருவர். இன்று ஆயர் ஈத்தாமில் இவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது.

மற்றவர் யோங் முன் சென். 1896-இல் சரவாக்கில், கூச்சிங்கில் பிறந்தவர். சிறு பிள்ளையாய்ச் சீனாவுக்கு அனுப்பப்பட்டுத் திரும்பியவர். பினாங்கில் புகைப்பட நிலையம் வைத்துப் பிழைத்துக்கொண்டே வரைந்தார். தென்னை மரமும் கடலோரமும் இவர் கைக்குப் பழகியவை. மலேசிய ஓவியத்தின் தந்தை என்று இவரைச் சொல்வது வழக்கம். இருவரும் ஒரே ஆண்டில், 1962-இல் மறைந்தார்கள்.

இவர்களும் இவர்களைப் பின்பற்றியவர்களும் தீட்டித் தீட்டித்தான், கம்பம் என்றால் இப்படித்தான் இருக்கும் என்ற ஓர் உருவம் நாட்டு மக்கள் மனத்தில் பதிந்துபோனது.

படத்தைப் படிப்போம்

தென்னையிலிருந்து தொடங்குவோம். கடலோரத்தில் மிதந்து வந்த தேங்காய் தானே முளைக்கலாம். ஆனால் உள்நாட்டில் தென்னை இருந்தால் யாரோ ஒருவர் நட்டிருக்கிறார் என்று பொருள். தூரத்தில் காட்டுக்கு மேலே தென்னந்தலை தெரிந்தால், அங்கே வீடு இருக்கிறது, தாகத்துக்குத் தண்ணீர் கேட்கலாம் என்று வழிப்போக்கர் தெரிந்துகொள்வார். அதுமட்டுமா? அந்தக் கால நெட்டைத் தென்னை காய்க்க ஆறேழு ஆண்டாகும். அத்தனை ஆண்டும் இந்த மண்ணில்தான் இருப்பேன் என்ற நம்பிக்கை உள்ளவன்தான் தென்னை நடுவான். ஓவியர் அதை எண்ணி வரைந்தாரோ இல்லையோ, பார்க்கிறவர் மனத்தில் அந்த அர்த்தம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. நம் லயத்து ஓரங்களில் நாம் அதிகம் நட்டது என்ன? வாழை, முருங்கை, கருவேப்பிலை. சீக்கிரம் பலன் தருகிறவை. மாற்றல் வந்தால் விட்டுப் போகவும் அதிகம் வலிக்காதவை.

அடுத்தது வீடு. கம்பத்து வீடு தரையில் உட்காராமல் தூண்மேல் நிற்கிறது. வெள்ளம் வந்தால் கீழே ஓடிவிடும். காற்று அடியிலும் புகுந்து குளிர்ச்சி தரும். ஓவியருக்கு இதில் வேறு லாபம். வீட்டின் அடியில் விழும் இருட்டும், கூரைமேல் விழும் வெயிலும் பக்கத்தில் பக்கத்தில் அமைகின்றன. அந்த நிழலுக்குள் ஒரு சேவலையும் இரண்டு கோழியையும் விட்டுவிட்டால் படம் உயிர் பெற்றுவிடும்!

வாசற்படியைக் கவனித்துப் பாருங்கள். பல படங்களில் கதவு திறந்தே இருக்கும். படியடியில் தெம்பாயான் எனப்படும் மண் சாடி ஒன்றும் தெரியும். வருகிறவர் சிரட்டையில் தண்ணீர் மொண்டு கால் கழுவிவிட்டு ஏறுவதற்காக வைத்தது. விருந்தாளிக்குக் காலலம்பத் தண்ணீர் வைப்பது நம் வழக்கமும்தானே! ஒரு சொல் எழுதாமலே 'வாங்க' என்று அழைப்பவை திறந்த கதவும் அந்தச் சாடியும். பாதையும் அப்படித்தான். தாளின் கீழ் விளிம்பில், ஏறக்குறைய நம் காலடியில் தொடங்கி, வளைந்து வளைந்து அந்த வாசலில் போய் முடியும். நம்மை உள்ளே கூட்டிக்கொண்டு போக ஓவியர்கள் கையாளும் பழைய தந்திரம் அது.

எருமை என்றால் உழவு. படகு என்றால் மீன். இரண்டும் சோற்றுக்கான அடையாளங்கள். பழைய பினாங்கு, சிங்கப்பூர்ப் படங்களில் மாட்டு வண்டியும் வரும். அந்தக் காலத்தில் வண்டி ஓட்டியவர்களில் நம்மவர் நிறையப் பேர். தலைப்பாகையைப் பார்த்தே சொல்லிவிடலாம். ஆனால் முகம் தெரியாது. மனிதர் ஒரு புள்ளியாகவோ இரண்டு கோடாகவோதான் இருப்பார்.

அந்த முகங்கள் எங்கே என்று கேட்கத் தோன்றுகிறதா? 1959-இல் திரங்கானு மாநிலம் டுங்குனில் பிறந்த சாங் ஃபீ மிங் என்ற நீர்வண்ண ஓவியர் வேறு வழியில் போனார். வீட்டையும் மரத்தையும் தள்ளி நின்று வரையாமல், பக்கத்தில் போய், உழைத்துக் காய்ந்த கையையும் வெறுங்காலையும் பாத்தேக் துணியின் ஒவ்வொரு பூவையும் தீட்டினார். பல படங்களில் முகமே இருக்காது. ஆனாலும் அந்தக் காலைப் பார்த்தால், இது வெயிலில் நடந்து நடந்து வெடித்த கால் என்று எந்தத் தோட்டத்துப் பெண்ணும் சொல்லிவிடுவாள். எனக்கு இவருடைய படங்களைக் காணும்போது வருகிற நெருக்கம், தென்னையும் ஓடையும் மட்டும் உள்ள படங்களில் வருவதில்லை.

இன்னொரு செய்தி, வெள்ளையைப் பற்றியது. நீர்வண்ணத்தில் பழைய முறைப்படி வரைகிறவர்கள் வெள்ளை வண்ணத்தைத் தொடுவதில்லை. வெள்ளை வேண்டிய இடத்தில் தாளை அப்படியே விட்டுவிடுவார்கள். ஓடையில் மின்னும் வெயில், காயப்போட்ட சட்டை, மேகம் எல்லாம் ஒன்றும் பூசாத வெறுந்தாள்தான். சீனத் தூரிகையைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இது கைவந்த கலை. நம் நாட்டு ஈரக் காற்றில் தாள் சட்டென்று காயாது. வானத்து நீலம் மெல்ல இறங்கி மலையோடு கலந்துவிடும். கற்றுக்குட்டிக்கு அது தொல்லை. தேர்ந்தவர்களோ அதை வைத்தே காலைப் பனியை வரைந்துவிடுவார்கள்.

வரையாமல் விட்டவை

படத்தில் இருப்பதைப் பார்த்தோம். இல்லாததையும் பார்க்க வேண்டாமா?

அத்தாப்புக் கூரையைச் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். ஆகவே கையில் காசு சேர்ந்ததும் கம்பத்துக்காரர்கள் தகரம் போட்டார்கள். தொலைக்காட்சிக் கம்பி ஏறியது; வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. கெடாவில் மூடா நீர்ப்பாசனத் திட்டம் 1970-இல் இரு போகச் சாகுபடியைக் கொண்டு வந்தது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பெரிய பெரிய அறுவடை இயந்திரங்கள் வயலில் இறங்கிவிட்டன. எருமைக்கும் வேலை போனது, அறுவடைக் கூலியை நம்பியிருந்த ஏழைகளுக்கும் வேலை போனது. படத்தில் மட்டும் எருமை இன்னும் மேய்ந்துகொண்டிருக்கிறது! கடன், வெள்ளம், மீன் படாத நாள் ஆகியவற்றுக்கும் அந்த நீல மலை அடிவாரத்தில் இடம் கிடைக்கவில்லை.

சிங்கப்பூரில் இந்த விசித்திரம் இன்னும் தெளிவாகத் தெரியும். 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கியபின் கம்பங்கள் ஒவ்வொன்றாய்க் கலைக்கப்பட்டு மக்கள் அடுக்குமாடிக்குப் போனார்கள். பெருநிலத் தீவில் கம்பம் என்று சொல்லும்படி மிஞ்சியது லோரோங் புவாங்கோக் ஒன்றுதான். லிம் செங் ஹோ என்பவர் பொதுப் பயனீட்டுக் கழகத்தில் எழுத்தர். ஓய்வு நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரைக்கும் கம்பத்துக்கும் போய் வரைவார். 1969-இல் தொடங்கிய சிங்கப்பூர் நீர்வண்ண ஓவியர் சங்கத்தின் நிறுவனர்களில் ஒருவர் அவர். 1979-இல் காலமானார். கண்ணெதிரில் இருந்ததைத்தான் அவர் வரைந்தார். இன்றைக்கு அந்தப் படங்களைக் காண்பவர்களோ, இழந்துபோன ஒன்றைக் காண்கிறார்கள். பத்தாவது மாடியில் கம்பத்துப் படம் மாட்டுகிறவரின் ஏக்கம் அவர் அப்பன் பாட்டன் வாழ்ந்த வீட்டைப் பற்றியது.

நம் ஏக்கம் வேறு. இங்கேதான் விஷயம் இருக்கிறது. கம்பத்து வீடு சிறியதோ பழையதோ, பெரும்பாலும் அது அதில் இருப்பவனுடையது. லயத்து வீடு கம்பெனியுடையது. வேலை இருக்கும்வரை வீடு. வேலை நின்றால் சட்டி பானையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். 1950-களிலும் 60-களிலும் தோட்டத் துண்டாடல் நடந்தபோது எத்தனை குடும்பங்கள் அப்படிக் கிளம்பின என்பது பெரியவர்களுக்குத் தெரியும். 1960-இல், பின்னாளில் துன் ஆன வீ.தி. சம்பந்தன், தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி மாதம் பத்து வெள்ளி கேட்டபோது, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிக் கொடுத்தார்களே, எதற்காக? காலடியில் ஒரு துண்டு மண் நமக்கென்று வேண்டும் என்பதற்காக. சுவரில் இருந்த தென்னையும் திறந்த கதவும் சொன்னது அதையேதான் என்று நான் நினைக்கிறேன். அழகுக்காக மட்டும் ஒட்டி வைத்த படம் என்றால், ஆண்டு முடிந்ததும் கிழித்துப் போட்டிருப்பார்கள்.

நம் பக்கம் ஏன் வரவில்லை?

கம்பம் இத்தனை முறை வரையப்பட்டதே, தோட்டம் ஏன் வரையப்படவில்லை? ரப்பர் மரத்தை வரைந்தவர்கள் இல்லாமல் இல்லை. ஆனால் நூறு தென்னைக்கு ஒரு ரப்பர் மரம் தேறுமா என்பது சந்தேகம்தான்.

காரணங்கள் உண்டு. ரப்பர் மரம் நூல் பிடித்தாற்போல நிரை நிரையாக நிற்கிறது. ஓவியர் கண்ணோ வளைந்த மரத்தையும் கோணல் பாதையையும் தேடுகிறது. தோட்டம் தனியார் இடம். கண்டவர் உள்ளே வந்து முக்காலி போட்டு உட்கார முடியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, தோட்டம் வேலைத்தளம். வேலைத்தளத்தில் அழகு இருக்கிறது என்று யாரும் நம்பவில்லை.

நம்பியவர் ஒருவர் இருந்தார். அதே அப்துல்லா ஆரிப்தான். 1960-இல் அவர் தீட்டிய நீர்வண்ண ஓவியம் ஒன்று தேசிய ஓவியக் கூடத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பெயர் 'பூமி பஹாகியா', அதாவது மகிழ்ச்சி தரும் பூமி. அதில் இருப்பது தென்னையும் ஓடையும் என்று எண்ணிவிடாதீர்கள். மலாயாவின் ஈயச் சுரங்கம்! தோண்டிப் புரட்டிப் போட்ட மண். விடுதலை கிடைத்து மூன்று ஆண்டில், நாட்டுக்குச் சோறு போடுகிற இடமும் வரையத் தக்கதுதான் என்று அவர் காட்டிவிட்டார். அங்கே உழைத்தவனுக்கு அந்தப் பூமி அவ்வளவு மகிழ்ச்சி தந்ததா என்பது வேறு கேள்வி. அந்தத் தலைப்பைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தச் சந்தேகம் வராமல் போவதில்லை.

ஈயத்துக்கு அப்படி ஒரு படம் கிடைத்தது. ரப்பருக்கும் நீர்வண்ணத்துக்கும் உள்ள பொருத்தத்தைச் சொன்னால் வியப்பீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் இலையுதிர் காலம் வருகிறதல்லவா? இலை முதலில் மஞ்சளாகும்; பிறகு செம்பு நிறம், செங்கல் நிறம். காடு முழுக்கத் தீப்பிடித்தது போல இருக்கும். பிறகு கொட்டி, வெறுங்கிளை நின்று, பளபளவென்று புதுத் துளிர் விடும். வெளியூர்க்காரர் காரை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போவார். பால் வெட்டுகிறவருக்கோ அந்தச் சிவப்பு வேறு கணக்கு. இலை சிவந்தால் பால் குறையும்; பால் குறைந்தால் அந்த மாதச் சம்பளம் குறையும். கடைக்காரர் கொப்பியில் கடன் ஏறும். ஒரே சிவப்பு, இரண்டு அர்த்தம். தோட்டத்தில் பிறந்த ஒருவர் தூரிகை எடுத்தால்தான் இரண்டும் ஒரே தாளில் வரும்.

இன்னும் எவ்வளவோ இருக்கின்றன. விடியுமுன் நிரைக்குள் ஆடி ஆடிப் போகும் நெற்றி விளக்குகள். காண்டாக் கம்பில் தொங்கும் இரண்டு வாளியின் பாரத்தில் ஒருபக்கம் சாய்ந்த தோள். பெரட்டுக் களத்து விளக்குக் கம்பம். ஆலமரத்தடியில் வேலோடு நின்ற சிறு கோயில். ஆயாக் கொட்டகையில் வரிசையாய்க் கட்டிய ஏணைகள். லயத்துக் குழாயடியில் காலி வாளிகளின் வரிசை. கம்பத்துப் படத்தில் தெம்பாயானுக்கு ஓர் அர்த்தம் உண்டென்றால், இந்த வாளி வரிசைக்கும் ஓர் அர்த்தம் உண்டு.

காலம் கடந்துகொண்டிருக்கிறது. பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறி நெடுநாளாயிற்று. ஷா ஆலம் எழுந்த இடம் சுங்கை ரெங்கம் தோட்டம். 1995-இல் கட்டத் தொடங்கிய புத்ராஜெயாவின் அடியில் இருப்பது பிராங் பெசார் தோட்டம். முதல் உலகப் போருக்குப் பின் வெள்ளைக்காரப் படை அதிகாரிகள் உண்டாக்கிய அந்தத் தோட்டத்தில் பிறந்த ரப்பர் இனங்கள் உலகெங்கும் போயின. பி.பி. 86 என்ற மரத்தை வெட்டிய பெரியவர்கள் இன்னும் இருப்பார்கள். அந்த இரண்டு எழுத்தும் பிராங் பெசாரின் பெயர்தான். மரத்தின் எண்ணில் பெயர் நிலைத்துவிட்டது. லயத்து வாசலும் குழாயடியும் அப்படி எதிலும் நிலைக்கவில்லை.

வீட்டில் பிள்ளைகள் பள்ளிக்கூட வண்ணப்பெட்டி வைத்திருப்பார்கள். ஆசிரியர் 'இயற்கைக் காட்சி' வரையச் சொன்னால் இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே கம்பத்து வீடு என்று கண்ணை மூடிக்கொண்டு வரைவார்கள். அவர்களைப் பாட்டி பக்கத்தில் உட்கார வையுங்கள். எந்த லயத்தில் எத்தனையாவது வீடு, கிணறு எந்தப் பக்கம், கோயிலுக்குப் போகிற வழியில் என்ன மரம் நின்றது என்று பாட்டி சொல்லட்டும், பிள்ளை பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும். பால் மரம் வரையும்போது பட்டைக்குப் பழுப்பும் சாம்பலும் ஈரத்தோடு பூசி, வெட்டுக் கோட்டை மட்டும் சாய்வாக விட்டுவிட வேண்டும். மங்கில் இருக்கும் பாலுக்கும் வண்ணம் தேவையில்லை; சுற்றிலும் இருட்டாகப் பூசிவிட்டால் வெறுந்தாளே பாலாய்த் தெரியும்.

படம் முடிந்ததும் நாள்காட்டிப் படம் போலச் சோற்றுப் பசை தடவிச் சுவரில் ஒட்டிவிடாதீர்கள். பசை பூச்சியை அழைக்கும். சுவர் ஈரத்தில் தாள் பூசணம் பிடித்துப் பழுப்புப் புள்ளி விழும். வெயில் படும் இடமும் ஆகாது. மலிவான வண்ணங்களில் சிவப்பு சீக்கிரம் வெளுத்துவிடும். கண்ணாடிச் சட்டம் போட்டால் தாள் கண்ணாடியில் ஒட்டாதபடி இடையில் அட்டை வைக்கச் சொல்லுங்கள். பின்பக்கத்தில் தோட்டத்தின் பெயர், ஆண்டு, யார் சொல்ல யார் வரைந்தது என்பதைப் பென்சிலால் எழுதி வையுங்கள். மை வேண்டாம், முன்பக்கம் ஊறும்.